அரைநாட் செவிலி

தமிழ் இலக்கிய மரபில் வளர்த்த தாயின் குரல் ஈன்ற தாயின் குரலுக்குச் சற்றேனும் குறைந்து ஒலிப்பதில்லை. உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிப் பாலை வழியே நடப்பவள் செவிலி. மணம் முடித்த மகளின் மனைக்குச் சென்று, அங்கு கண்ட இல்லறத்தின் இனிமையை மீண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே. தலைவியின் உயிர்த்தோழியைச் செவிலியின் மகள் என்றே தொல்காப்பியம் வகுக்கின்றது. பிற்காலத்து நூல்களோ பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் எனத் தாயரை ஐவகையாகப் பகுத்துரைக்கின்றன. குழந்தை வளர்ப்பு ஒருத்தியின் இரு கைகளுள் அடங்கிவிடும் காரியமன்று என்பதைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இப்பகுப்பே சான்றாகும்.

ஆயினும், செவிலியைப் பற்றி அதிகம் எழுப்பப்படாத வினாக்கள் இரண்டு உள. அவள் உழைப்புக்கு என்ன ஊதியம் வழங்கப்பட்டது என்பது ஒன்று. அவள் தலைவியின் இல்லத்தில் நின்ற பொழுதிலே அவளுடைய சொந்த அடுப்பை மூட்டியவர் யார் என்பது மற்றொன்று. இலக்கியம் இவ்வினாக்களைக் கடந்து சென்றுவிடலாம். வாழ்க்கை அவ்வாறு கடந்து செல்லவிடாது. மகப்பேற்று விடுமுறை முடிந்து தொழிலுக்குத் திரும்பும் பெண்ணொருத்தி, தன் குழந்தையை அரைநாட் பொழுது பார்த்துக்கொள்ள ஒருவரைத் தேடும்போது, இவ்விரு வினாக்களும் அவள் வாயிலில் வந்து நிற்கின்றன. வடமராட்சியின் நெல்லியடி அதற்கு விலக்கன்று.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதியில், வல்லைவெளியைக் கடந்து வடமராட்சிக்குள் நுழைவோர் எதிர்கொள்ளும் பெருஞ்சந்தி நெல்லியடி. கொடிகாமத்துக்குச் செல்லும் வீதியும் அப்பகுதியிலிருந்தே பிரிகின்றது. சந்தையும் வங்கிகளும் புடைவைக் கடைகளும் தனியார் கல்வி நிலையங்களும் நெருங்கியுள்ள இவ்விடம் கரவெட்டி, கரணவாய், துன்னாலை, இமையாணன், உடுப்பிட்டி முதலாய அயற்கிராமங்களுக்கெல்லாம் கொடுக்கல் வாங்கலின் நடுவிடமாகும். காலை ஆறு மணிக்கெல்லாம் சந்தியில் பெண்கள் கூடிவிடுகின்றனர். வலிகாமத்துப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியைகள், மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குச் செல்லும் தாதியர், வங்கி உத்தியோகத்தர், கடைகளில் நிற்கும் இளம்பெண்கள் என அவர்கள் பல வகையினர். அவர்களுட் பலர் சிறு குழந்தையை வீட்டில் விட்டு வந்த தாய்மார்.

முன்னொரு காலத்தில் இவ்வேற்பாட்டுக்குத் தனிப் பெயரெதுவும் தேவைப்படவில்லை. சீதன வளவிலே மகளுக்கு அருகில் தாய் இருந்தாள். அடுத்த வளவிலே சிறிய தாய் இருந்தாள். மணமாகாத அத்தையோ கணவனை இழந்த பெரியம்மாவோ அதே முற்றத்தில் இருந்தாள். வளவுகளுக்கிடையே கிடுகு வேலியோ பனையோலை வேலியோ நின்றது. அவ்வேலியில் ஆள் நுழையுமளவுக்கு விடப்பட்ட இடைவெளியை யாழ்ப்பாண வழக்கு 'பொட்டு' என்னும். தோட்டத்துக்கோ சந்தைக்கோ பாடசாலைக்கோ புறப்படும் தாய் குழந்தையைப் பொட்டு வழியே நீட்டுவாள். அப்பக்கத்தில் இரு கைகள் வாங்கிக்கொள்ளும். மாமரக் கிளையிலோ வீட்டு வளையிலோ ஏணை கட்டியிருக்கும். மாலையில் அதே பொட்டு வழியே குழந்தை திரும்பி வரும். கூலி பேசப்பட்டதில்லை, நேரம் குறிக்கப்பட்டதுமில்லை.

இவ்வாறு கூறுவதனால் அக்காலம் குறையற்ற பொற்காலமாயிருந்தது என்று கொள்ளலாகாது. எல்லா வேலிகளிலும் பொட்டு இருக்கவில்லை. உறவும் சாதியும் ஒன்றான வளவுகளுக்கிடையேதான் அது பெரும்பாலும் இருந்தது. முற்றத்தில் நின்று குழந்தைகளைத் தூக்கி வளர்த்த அத்தையின் வாழ்வு அவளாகத் தேர்ந்துகொண்டதாகவும் பல வேளைகளில் இருக்கவில்லை. வசதி படைத்த வீடுகள் சிலவற்றிலோ மலையகத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமியர் குழந்தைகளைச் சுமந்தனர். குழந்தையொன்றே மற்றொரு குழந்தையை வளர்த்த அக்கொடுமையைப் 'பிள்ளை பார்க்க ஒரு பிள்ளை' என்று இலேசாகச் சொல்லி விட்டவர் பலர். இலங்கையில் வேலைக்கமர்த்துவதற்கான ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது 2021 ஆம் ஆண்டிலேயே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அந்தப் பழைய முற்றத்தைப் போர் கலைத்தது. 1983 இன் பின் வெளிநாடு சென்றோர் தொகை பெருகியது. 1987 மே, யூன் மாதங்களில் வடமராட்சியில் நடைபெற்ற இராணுவ நடவடிக்கை ஊர்களை வெறுமையாக்கியது; பிள்ளைகள் பயின்ற நெல்லியடி மத்திய மகா வித்தியாலயமே இராணுவ முகாமாகி, அவ்வாண்டு யூலை 5 ஆம் நாள் தாக்குதலுக்கும் இலக்காயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது வடமராட்சியின் வீடுகளும் அவர்களுட் பலருக்கு இடமளித்தன. 2009 இல் போர் ஓய்ந்தபோது, ஒரு முற்றத்திலிருந்த குடும்பம் மூன்று கண்டங்களிற் பரந்திருந்தது. கிடுகு வேலியிருந்த இடங்களிற் கல்மதில்கள் எழுந்தன. மதிலிற் பொட்டு வைப்பார் இல்லை.

அம்மம்மாவும் புறப்பட்டுவிட்டாள். கனடாவிலும் இலண்டனிலும் உள்ள மகள்மாரும் தொழிலுக்குத் திரும்பவேண்டியவர்களே. அங்குள்ள குழந்தைக் காப்பகத்தின் கட்டணமோ பெரிது. எனவே பேறுகாலத்தை ஒட்டி அம்மம்மா விமானம் ஏறுகின்றாள். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் நீண்டகாலம் தங்குவதற்கெனக் கனடா 2011 டிசெம்பரில் 'சுப்பர் விசா'வை அறிமுகப்படுத்திய பின்னர் இவ்வழி மேலும் இலகுவாயிற்று. ரொறன்ரோவின் பனிக்காலத்திலே பேரக்குழந்தையைத் தாலாட்டும் அந்த முதியவளின் மற்றொரு மகள் நெல்லியடியிலே தன் குழந்தைக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கின்றாள். பணம் ஒரு திசையில் வருகின்றது. பராமரிப்பு மறு திசையில் ஏற்றுமதியாகின்றது.

சட்டம் இத்தாய்க்கு அளிப்பது யாது? 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும், 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டமும் தனியார் துறைப் பெண்களுக்கு உரியன. மூன்றாவது பிள்ளை முதலாக விடுமுறையைக் குறைத்த பழைய வேறுபாடு 2018 ஆம் ஆண்டுத் திருத்தங்களால் நீக்கப்பட்டு, எல்லாப் பேறுகளுக்கும் 84 நாட்கள் என்றாயிற்று. அரச சேவையிலுள்ளோருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் உண்டு. அதன்பின் அரைச் சம்பளத்துடன் 84 நாட்களும் சம்பளமின்றி 84 நாட்களும் பெற 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை வழி செய்தது. ஆனால், வீட்டுக் கடனின் தவணை அரைச் சம்பளத்தைக் கண்டு அரைவாசியாகக் குறைவதில்லை. ஆகவே முழுச் சம்பள விடுமுறை முடிந்ததும் திரும்புவோரே பலர். தந்தைக்கோ அரச சேவையில் மூன்று நாட்களே விடுமுறை.

84 வேலை நாட்கள் என்பன ஏறத்தாழ நான்கு மாதங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் கிணற்றடியிலும் படலையடியிலும் நின்று சொல்லும் அறிவுரையும் அதுவே. இடைப்பட்ட இரண்டு மாதங்களை எவ்வாறு கடப்பது என்பதே சிக்கல். பிள்ளைத்தமிழின் கணக்கிற் கூறுவதாயின், குழந்தை ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டித் தலையசைத்தாடும் செங்கீரைப் பருவம் மரபாக ஐந்தாம் மாதத்துக்கு உரியது. தாய் காப்புப் பருவத்தை மட்டும் கண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றாள். செங்கீரையையும் சப்பாணியையும் முதலிற் காண்பவள் வேறொருத்தி.

பாலூட்டுவதற்கென நாளொன்றுக்கு இரு இடைவேளைகளை 1939 ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வழங்குகின்றது. தொழிலிடத்தில் குழந்தைக் காப்பகம் இருப்பின் அரைமணி நேரம் வீதம். இல்லையெனின் ஒரு மணி நேரம் வீதம். காப்பகம் என்பது தொழிலிடத்தோடு இணைந்த ஒன்றாக அமையலாம் என்பதை அவ்விதியை வரைந்தோர் எண்ணியிருந்தனர் என்பது தெளிவு. மலையகத் தோட்டங்களில் அத்தகைய காப்பகம் நெடுங்காலமாகவே உண்டு. பிள்ளை மடுவம் என்றும் பிள்ளைக்காம்பரா என்றும் தொழிலாளர் அதனை அழைத்தனர். கொழுந்து பறிக்கும் தாய் காலையிற் குழந்தையை அங்கு விட்டு மலையேறுவாள். வசதி குறைந்தவையாயினும், தாயின் உழைப்பு வேண்டுமாயின் குழந்தைக்கு இடம் வேண்டும் என்ற எளிய கணக்கு அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. தோட்டத் துரைக்குத் தெரிந்த அக்கணக்கு, படித்த பெண்களை நூற்றாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழிலுக்கு அனுப்பிய குடாநாட்டில் எவருக்கும் தோன்றவில்லை. பாட்டி இருக்கிறாள் என்பதே இங்கு விடையாக இருந்தது. அயல்நாடான இந்தியா 2017 இல் மகப்பேற்று விடுமுறையை 26 வாரமாக உயர்த்தியபோது, ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பகம் வைத்திருத்தல் வேண்டுமெனவும் விதித்தது. நெல்லியடிச் சந்தியின் கடைகளில் ஐம்பது பேரை எண்ணக்கூடியவை அரிது. ஆதலின் இத்தகைய சட்டம் வந்தாலும் இங்குள்ள தாய் வெளியிலேயே ஆள் தேடவேண்டியிருக்கும்.

இந்நிலையில் நெல்லியடியை அடுத்த ஒழுங்கையொன்றில் வாழும் ஆசிரியை ஒருத்தியின் ஏற்பாடு எடுத்து நோக்கத்தக்கது. அவள் கற்பிப்பது கோப்பாய்ப் பகுதிப் பாடசாலை ஒன்றில். காலை ஆறேகாலுக்கு வீட்டை விட்டு வெளியேறி, யாழ்ப்பாணம் செல்லும் பேருந்தைப் பிடித்து, வல்லைவெளியின் காற்றையும் புத்தூர், நீர்வேலியையும் கடந்து ஏழரை மணிக்கு முன் பாடசாலை வரவேட்டில் ஒப்பமிடவேண்டும். திரும்பும்போது மணி மூன்றாகும். கணவனுக்குக் கிளிநொச்சியிலே தொழில்; வார இறுதியில் வருவான். தாய் கனடாவில், மாமியார் நோயாளி. குழந்தைக்கு நாலரை மாதம்.

முழுநாள் ஆளொருவர் வீட்டோடு தங்குவதை அவள் விரும்பவில்லை. அதற்கான வசதியும் இல்லை. மூன்று வயதுக்கு முன்னர் முன்பள்ளியில் இடமில்லை. அருகில் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றும் இருக்கவில்லை. இறுதியிற் குடும்பநல உத்தியோகத்தரின் வாய்மொழியாலேயே, இரு ஒழுங்கைகள் தள்ளி வாழ்ந்த ஐம்பத்தைந்து வயதுக் கைம்பெண் ஒருவர் கிடைத்தார். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு மகனைப் போரில் இழந்தவர். இளைய மகள் வவுனியாவில் மணம் முடித்திருந்தாள். ஆசிரியை அவரை 'மாமி' என்று அழைத்தாள். அவர் வீட்டிலே 'பிள்ளை' என்றும், பிறர் முன்னிலையில் 'ரீச்சர்' என்றும் அவளை அழைத்தார். உறவு இவ்வாறு உடனே அமைந்துவிட்டது. அமையாதது ஒன்றே. சம்பளத்தைப் பற்றிக் கேட்டபோது அவர், "சம்பளம் எண்டு கதைக்காதையும் பிள்ளை, விரும்பினதைத் தாரும்" என்றார்.

யாழ்ப்பாணத்துப் பண்பிலே இதனைவிட இனிய விடையில்லை. இதனைவிட இடர் தரும் விடையுமில்லை. விரும்பியதைத் தரும் பொறுப்பு முழுவதும் தருபவளின் மனச்சாட்சியைச் சார்ந்துவிடுகின்றது; பெறுபவர் குறைகூறும் உரிமையைத் தாமே துறந்துவிடுகின்றார். ஆசிரியை தன் கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை மாதந்தோறும் கொடுப்பதெனத் தீர்மானித்தாள். உறவினர் சிலர் அதனைக் கேட்டு வியந்தனர். மூன்றிலொன்றைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவதால் என்ன ஆதாயம் என்று வினவினர். குழந்தை இருவருக்கும் உரியதாயிருக்க, பராமரிப்புச் செலவை மட்டும் தாயின் சம்பளத்திலிருந்தே கழித்துப் பார்ப்பதேன் என்பதை அவர்களுள் எவரும் சிந்திக்கவில்லை. தந்தையின் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிட்டிருப்பின் அது ஆறிலொரு பங்கே.

தொழிலுக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னரே மாமி வரத் தொடங்கினார். முதல் நாள் ஒரு மணி நேரம், பின்னர் இரண்டு, பின்னர் அரைநாள். குழந்தை அவர் மணத்தையும் குரலையும் அறிந்துகொள்வதற்கு அவ்விடைவெளி உதவியது. விடியற்காலையில் ஆசிரியை பால் கறந்து மூடிய பாத்திரங்களிற் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள். வெளியே எடுத்து வைத்த பால் நான்கு மணி நேரத்துக்கு மேல் நில்லாது. யாழ்ப்பாணத்து வெக்கையில் அதற்கும் முன்னரே கொடுத்துவிடுதல் நன்று. குடித்து மிஞ்சியதை மீண்டும் வைத்தலாகாது என்பவற்றை இருவரும் உத்தியோகத்தரிடம் சேர்ந்தே கேட்டறிந்தனர். புட்டியை விடுத்துச் சிறு கிண்ணத்தாற் பருக்கும் முறையையும் அவரே காட்டினார். நான்கு பிள்ளைகளை வளர்த்த கைகள் அதனைப் புதிதாகப் பழகின. நான்கு மாதத்திலேயே சீனித்தண்ணீரும் கஞ்சித்தெளிவும் கொடுத்து வளர்த்த தம் அனுபவத்தை மாமி ஒருநாள் எடுத்துச் சொன்னபோது, ஆசிரியை மறுத்து வாதிடவில்லை. அடுத்த நிறுவைக்குத் தாய்சேய் நிலையத்துக்கு அவரையும் அழைத்துச் சென்றாள். வளர்ச்சிப் பதிவேட்டிலே கோடு மேல்நோக்கிச் செல்வதைக் கண்ட பின்னர் கஞ்சித்தெளிவின் பேச்சு எழவில்லை.

ஊருக்கே உரிய அச்சம் ஒன்றும் இருந்தது. குடாநாட்டு வளவு ஒவ்வொன்றிலும் கிணறு உண்டு. நிலத்தோடு ஒட்டிய கட்டுள்ள கிணறுகளும் உள. குழந்தை தவழத் தொடங்குமுன் கிணற்றைச் சுற்றி வலை அடைக்கவேண்டுமென மாமியே வற்புறுத்தினார். அவசர நோயாளர் வண்டிக்கான 1990 என்ற இலக்கத்தையும், கணவனின் இலக்கத்தையும், பாடசாலை அலுவலக இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினாள் ஆசிரியை. கைத்தொலைபேசியை மாமி அழைக்கவும் பேசவும் மட்டுமே பயன்படுத்தினார். பாடசாலை இடைவேளையில் அதனூடாகக் குழந்தையின் சிரிப்பொலி வல்லைவெளியைக் கடந்து வந்தது. சப்பாணி கொட்டிய செய்தியும் அவ்வழியே வந்தது. வகுப்பறை வாயிலில் நின்று அதைக் கேட்ட தாயின் மகிழ்ச்சியில் ஒரு பங்கு துயரமாகவும் இருந்தது. அதை எந்த ஏற்பாட்டாலும் நீக்கிவிட இயலாது.

ஏற்பாட்டின் உண்மையான சோதனை குழந்தையால் வரவில்லை. ஓகஸ்ற் விடுமுறையால் வந்தது. இலங்கைப் பாடசாலைகள் வழமையாக ஏப்ரில், ஓகஸ்ற், டிசெம்பர் மாதங்களில் தவணை விடுமுறை காண்பன. ஓகஸ்ற்றில் ஆசிரியை, "மாமி, இந்த மாசம் நான் வீட்டிலை நிக்கிறன். நீங்கள் ஆறுதலாய் இருங்கோ" என்றாள். அன்பினாற் கூறப்பட்ட சொல் அது. ஓய்வு கொடுப்பதாகவே அவள் எண்ணினாள். வராத மாதத்துக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை. பேசாத காரணத்தால் அது கொடுக்கப்படவுமில்லை. மூன்று வாரம் கழிந்து, பாடசாலை தொடங்குவதற்குச் சில நாட்கள் இருக்கையில், மாமி தோட்டத்துக் கூலிவேலைக்குச் செல்வதாகவும், அங்கு தொடர்ந்து ஆள் தேவைப்படுவதாகவும், செப்ரெம்பரில் வருவது ஐயம் எனவும் செய்தி வந்தது.

ஆசிரியைக்கு முதலில் எழுந்தது மனவருத்தமே. குடும்பத்தில் ஒருவராய் வைத்திருந்தவர் சொல்லாமற் போனாரே என்று நினைத்தாள். அன்று மாலை குழந்தையையும் தூக்கிக்கொண்டு இரு ஒழுங்கைகள் நடந்து சென்றாள். மாமியின் வீட்டை அவள் உட்சென்று கண்டது அதுவே முதற்றடவை. கடையில் எழுதிய கடன் கொப்பி திண்ணையில் இருந்தது. குழந்தை தாவிச் சென்று மாமியின் தோளிற் சாய்ந்தது. கோபமோ குறையோ இல்லாத குரலில் அவர் சொன்ன சொல் இது: "உமக்கு அது லீவு, பிள்ளை. எனக்கு அது வேலையில்லாத மாசம்."

இவ்வொரு வாக்கியத்தில் விடயம் முழுவதும் அடங்கிவிட்டது. ஆசிரியைக்கு ஓகஸ்ற் மாதச் சம்பளம் அரசாங்கத்தால் வழங்கப்பட்டது. அவளும் அதனை உழைக்காமற் பெற்ற கொடையாகக் கருதியதில்லை. மகப்பேற்றின்போது 84 நாட் சம்பளம் அவளுக்கு உரிமையாகக் கிடைத்தது. அவ்வுரிமைகளை அவள் நடைமுறையில் அனுபவிக்க உதவும் பெண்ணுக்கோ அவற்றில் ஒன்றும் இல்லை. உறவு முறை சொல்லி அழைத்தமையால் அவர் ஊழியரல்லர் என்றாயிற்று; குருதி உறவினரல்லர் ஆதலால் குடும்பத்தின் பாதுகாப்பும் அவருக்கில்லை. இரண்டு நிழலுக்கும் இடையிலுள்ள வெயிலில் அவர் நின்றார்.

நாட்டின் சட்டமும் அவரை அவ்வெயிலிலேயே நிறுத்தியிருந்தது. வீட்டுப் பணியாளரைப் பற்றி இலங்கையில் இயற்றப்பட்ட பழைய சட்டம் 1871 ஆம் ஆண்டினது. அது அவர்களைப் பதிவு செய்வதைப் பற்றியதேயன்றி அவர்தம் ஊதியத்தைப் பற்றியதன்று. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோதும், 2016 இல் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டம் வந்தபோதும், வீட்டுப் பணியாளர் வரம்புக்கு வெளியே விடப்பட்டனர். வீட்டுப் பணியும் பணியே எனக் கூறும் 189 ஆம் இலக்கச் சமவாயத்தைச் சர்வதேச தொழிலாளர் தாபனம் 2011 இல்தான் ஏற்றது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் செல்லும் தாய்மாரைப் பற்றி 2013 இல் வந்த விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ளவர் செல்லலாகாது என்றது. 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. குழந்தைக்குப் பராமரிப்பு வேண்டும் என்பதை அரசு அறிந்தே இருந்தது. அறிந்து அது செய்தது தாயைத் தடுத்தமையே, பராமரிப்பை அமைத்தமையன்று.

அன்று மாலை அத்திண்ணையிலேயே புதிய ஏற்பாடு ஒன்று பிறந்தது. அப்பியாசக் கொப்பியின் இறுதித் தாளில் ஆசிரியை எழுத, மாமி ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்ல அவருக்குச் சிறிது கூச்சம் இருந்தது. நேரம் காலை ஆறு முதல் பிற்பகல் மூன்று வரை. சம்பளம் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும். மாதத்தின் முதல் வாரத்தில். தவணை விடுமுறைகளில் வாரம் இருநாள் மாமி வருவார்; குழந்தை அவரை மறவாதிருக்கவும் ஆசிரியை வெளிவேலை பார்க்கவும் அது உதவும். கூட்டுதல், சமைத்தல், உடுப்புத் தோய்த்தல் மாமியின் பொறுப்பல்ல. குழந்தையின் துணியும் உணவும் மட்டும் அவருக்குரியன. காய்ச்சல், திவசம், கோயிற் கொடியேற்றம் முதலியவற்றுக்கு ஆண்டில் பதினான்கு நாள் விடுமுறை. வவுனியா மகளின் பேறுகாலத்துக்கு ஒரு மாதம். அதனை இரண்டு மாதம் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். அம்மாதத்துக்கெனக் கணவன் தன் விடுமுறையில் இரு வாரம் எடுப்பான். மீதி இரு வாரத்துக்கு மாமியே தம் ஒன்றுவிட்ட சகோதரியைப் பழக்கிவிடுவார். விலக விரும்பினால் இரு பக்கத்தாரும் ஒரு மாதம் முன்னர் சொல்லவேண்டும். ஓகஸ்ற் மாதச் சம்பளமும் அன்றே கொடுக்கப்பட்டது.

கணவன் தன் விடுமுறையில் இரு வாரம் எடுத்தல் என்பது எளிதிற் பெறப்பட்டதன்று. தொலைபேசியிலே நெடுநேரம் வாதம் நடந்தது. ஆண் விடுமுறை எடுத்துக் குழந்தை பார்ப்பதா என அலுவலகத்தில் நகைப்பர் என்று அவன் அஞ்சினான். முடிவில் இசைந்தான். மாமி வவுனியா சென்ற மாதத்தில் அவன் கறந்த பாலைக் கிண்ணத்தாற் பருக்கவும், ஏணை கட்டவும் கற்றுக்கொண்டான். தந்தை ஒருவர் கைத்தாய் ஆனதைப் பார்க்க அயலவர் சிலர் படலையடிக்கு வந்ததும் உண்டு.

எழுதி வைப்பதால் உறவு கெடும் என்று அஞ்சுவோர் யாழ்ப்பாணத்தில் மிகப் பலர். காசு பேசினால் அன்பு விலகிவிடும் என்பது அவர்தம் எண்ணம். இவ்விரு பெண்களிடையே நிகழ்ந்தது அதற்கு மாறானது. எழுதுவதற்கு முன் மாமி தம் இல்லாமையை மறைத்தார். ஆசிரியை தன் ஐயத்தை மறைத்தாள். எழுதிய பின்னர் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. மாமி என்ற சொல் அதன்பின் கடன் சுமக்காத சொல்லாயிற்று. பழைய முற்றத்தில் உறவு இருந்தது, கணக்கு இல்லை. நகரத்துக் காப்பகத்தில் கணக்கு உண்டு, உறவு அரிது. நெல்லியடி போன்ற ஊரில் உறவு முறை சொல்லியழைக்கும் வழக்கமும் மறையவில்லை; மாதச் சம்பளமும் புதிதன்று. இரண்டையும் ஒரே திண்ணையில் அமர்த்துவது இங்கு இயலக்கூடியதே.

இருப்பினும், தனிமனிதரின் நல்லெண்ணத்தால் மாத்திரம் இது தீர்ந்துவிடாது. ஆசிரியையின் சம்பளம் மூன்றிலொன்றைத் தாங்கியது. துணிக்கடையில் நிற்கும் பெண்ணின் சம்பளம் தாங்காது. அவளுடைய குழந்தை இன்னும் எவரோ ஒருவரின் இரக்கத்தில் வளர்கின்றது. பிரதேச சபையோ பாடசாலைகளோ மாதர் சங்கங்களோ கூடி, பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்கள் சிலரைக் கொண்டு சந்திக்கு அண்மையில் பகல் பராமரிப்பு இடமொன்றை நடத்துமாயின், மலையகத்தார் எப்போதோ அறிந்திருந்த பிள்ளை மடுவத்தை வடமராட்சி காலந்தாழ்த்தியேனும் கற்றுக்கொண்டதாகும். அங்கு பணிபுரியும் பெண்ணுக்குச் சேமலாப நிதியும் விடுமுறையும் மகப்பேற்று நன்மையும் கிடைக்கும்.

அதுவரையில், தொழிலுக்குத் திரும்பும் தாய் ஒவ்வொருத்தியும் குழந்தைக்கு ஆள் தேடும்போது கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு. 'என் குழந்தையை நன்றாகப் பார்ப்பாரா?' என்பதை எல்லாரும் கேட்கின்றனர், கேட்கவும் வேண்டும். அதனுடன், 'நான் வீட்டில் நிற்கும் மாதத்தில் அவர் வீட்டு அடுப்பு எரியுமா?' என்பதையும் கேட்டல் வேண்டும். முன்னைய வினாவுக்குரிய விடை பெரிதும் பின்னையதன் விடையையே பொறுத்துள்ளது.